வெடிப்பில் பிறக்கும் லித்தியம்

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களில் இரவு தங்க நேரும்போது, கீழே கள்ளக்குறிச்சியில் காணக் கிடைக்காத விண்மீன்கள் கண்ணில் படும். இத்தகைய இருளை நாடியே வைணு பாப்பு 1960-களில் வடக்கே சவ்வாது மலையின் காவலூரைத் தெரிந்தெடுத்தார். 1985-இல் ஆர்.எஸ். ஒபியூக்கி என்னும் விண்மீன் திடீரெனப் பேரொளி வீசியபோது, அங்கிருந்து அதன் நிறமாலையைப் பதிவு செய்தனர்.

இவ்வகை வெடிப்புக்கு 'நோவா' என்று பெயர். பேழை கட்டிய நோவாவுக்கும் இதற்கும் உறவில்லை. இலத்தீனில் 'புதியது' என்பது பொருள். குருமடத்தில் கற்ற இலத்தீன் இதற்காவது உதவிற்று!

பெயர் புதியதே அன்றி விண்மீன் பழையது. எரிந்து தீர்ந்து, பூமியின் அளவாய்ச் சுருங்கிய வெண்குறுமீன் ஒன்று, அருகிலுள்ள துணை விண்மீனின் ஹைட்ரஜனைத் தன்மேல் ஈர்த்துக்கொள்கிறது. படலம் தடிக்கத் தடிக்க வெப்பம் 10 கோடி பாகையைக் கடக்கிறது. அணுக்கருவினைகள் கட்டுமீறிப் படலம் சிதறுகிறது. வெண்குறுமீனோ அழிவதில்லை, மீண்டும் சேர்க்கத் தொடங்குகிறது. ஆர்.எஸ். ஒபியூக்கி 2006-இலும் 2021-இலும் மறுபடி வெடித்தது.

உச்ச வெப்பம் நீடிக்கும் அச்சில நிமிடங்களில் எத்தனிமம் எவ்வளவு பிறக்கிறது என்பதை, நூற்றுக்கணக்கான அணுக்கருவினைகளைக் கணினியில் பின்னிக் கணக்கிடுகின்றனர். அவற்றுள் லித்தியத்தின் கதையே என்னை ஈர்த்தது. காரணம், எங்கள் பங்கில் ஒரு தாய், மனநோயுற்ற தம் மகனுக்கு நாள்தோறும் லித்திய மாத்திரை கொடுத்து வருகிறார். "எல்லாம் கெமிக்கல்தானே சாமி, நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

விண்மீனின் உள்வெப்பத்தில் லித்தியம் எளிதில் அழிந்துவிடும். ஆனால் நோவாவில் முதலில் பெரிலியம்-7 பிறந்து, உடனே குளிர்ந்த வெளிக்கு வீசப்படுகிறது. 53 நாள்களில் அதில் பாதி லித்தியமாக மாறிவிடும். 1970-களிலேயே இதைக் கணக்கிட்டுச் சொல்லியிருந்தனர். 2013-இல் வெடித்த ஒரு நோவாவில், ஹவாய்த் தீவிலுள்ள சுபாரு தொலைநோக்கி பெரிலியத்தின் தடயத்தைக் கண்டது. கண்ட அளவோ கணக்கிட்டதைவிடப் பன்மடங்கு! வெண்குறுமீனின் கார்பனும் ஆக்சிஜனும் மேற்படலத்தோடு எவ்வளவு கலக்கின்றன என்பதும் இன்னும் தெளிவாகவில்லை. கணக்கு முடியவில்லை.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. லித்தியம் பூமிக்கும் மூத்தது, அதில் ஒரு பங்கு விண்மீன்கள் தந்தது என்றேன். அதனாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. அளவு மிஞ்சினால் நஞ்சு. மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம், இரத்தப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம் என்றேன். அடுத்த பரிசோதனைக்கு மகனோடு பேருந்து ஏறியதாகச் சொல்லியனுப்பினார்.