இறக்கத்தில் கேட்ட ஓசை

தேயிலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஹேவாஹெட்டப் பகுதியை ஒருபோதும் மறப்பதில்லை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் இங்குள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே 1867இல் கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை கண்டியை எட்டியது. இவ்விரண்டையும் பாடநூல்கள் நமக்கு ஒப்புவிக்கின்றன. ஆனால் புகைவண்டி கண்டியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தலாத்துஓயாவைத் தாண்டி மேலே ஏறும் பாதையில் பொருள்களை ஏற்றி இறக்கியவை மாட்டுவண்டிகள், அவற்றுக்குப் பின்னர் லொறிகள். வண்டியோட்டியின் பெயரையும் லொறிச் சாரதியின் பெயரையும் எந்த வரலாற்றாசிரியனும் கேட்டு எழுதியதாகக் காணோம்.

மலைப்பாதையில் ஏறுவது இயந்திரத்தின் வேலை. இறங்குவதுதான் மனிதனின் வேலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இத்தகைய பாதையினின்று ஒரு வாகனம் விலகிவிட்டால் என்ன நேரும் என்பதை 2025 மே 11ஆம் நாள் அதிகாலையில் கொத்மலைக் கரண்டிஎல்லைப் பகுதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்தபோது நாடு முழுவதும் கண்டது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின.

பௌதிகம் கற்பிக்கும் நண்பர்கள் இக்கணக்கை வகுப்பறையில் போட்டுப் பார்க்கலாம். 5 தொன் எடையுள்ள லொறி 300 மீற்றர் உயரத்தினின்று இறங்குகிறது என்று கொள்வோம். அதன் வேகம் கூடாதிருக்க வேண்டுமாயின், விடுபடும் சக்தி முழுவதும் வெப்பமாக எங்கேனும் சென்றாக வேண்டும். அவ்வெப்பம் 20 பாகையிலுள்ள ஏறத்தாழ 44 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. பின்னால் 3 தொன் எடையுள்ள ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தால் 70 லீற்றர். தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரம் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் பிரேக் டிரம்மின் தலையில் விழுகிறது. தோட்டங்களில் இழுக்கப்படும் பெட்டிகள் பலவற்றுக்குச் சொந்தப் பிரேக் கிடையாது. ஆகவே பெட்டியின் பாரத்தையும் முன்னால் செல்லும் வாகனமே அடக்கியாக வேண்டும்.

நான் இப்பகுதியில் ஆசிரியனாக இருப்பவன். பேருந்து வராத நாள்களில் தோட்டத்து லொறிகளே எனக்குத் துணை. அன்று நான் ஏறிய லொறி, வழக்கத்துக்கு மாறாக ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தது. ட்ராக்டர் பழுதாகிவிட்டதால், மேற்பிரிவிலிருந்து தொழிற்சாலைக்கு வரவேண்டிய விறகை லொறியிலும் பெட்டியிலுமாக ஏற்றியிருந்தனர். தேயிலையை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டும். விறகில்லையேல் பறித்த கொழுந்து வீணாகும். சாரதி ஐம்பத்தைந்து வயதுக்காரர், லயத்தில் பிறந்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

முதல் வளைவில் அவர் பிரேக்கை மிதித்ததும் 'டங்' என்றோர் ஓசை. அதைத் தொடர்ந்து, இரும்பை இரும்பு சுரண்டுவது போன்ற ஒரு முனகல், விட்டு விட்டு வந்தது.

"பிரேக் கெட்டுப்போச்சா அண்ணே?" என்றேன்.

"ரெண்டு சத்தம் கேக்குது சேர். ரெண்டும் ஒன்னு இல்ல" என்றார்.

அதற்குப் பின் அவர் செய்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சி முறை என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போடுவது எதனை என்று எனக்கு விளங்கிற்று. முதலில் கிளட்சை அரைக்கணம் மிதித்தார். இயந்திரத்தின் உறுமல் மாறியது, முனகல் மாறவில்லை. எனவே அது இயந்திரத்தில் பிறந்ததன்று. பின்னர் வேகத்தைச் சிறிது கூட்டினார். முனகலின் இடைவெளி சுருங்கியது. குறைத்தார், இடைவெளி நீண்டது. சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்கு ஒருமுறை அது முனகியது. 'டங்' என்பதோ அப்படியன்று. மிதிக்கும்போது ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான். லொறி வேகம் தணியும்போது பின்னாலுள்ள பெட்டி தணியாமல் முன்னே வந்து இடிக்கிறது. கொளுவியின் ஊசி தேய்ந்து, துளை அகன்றுவிட்டது. "அது பெட்டி கதவத் தட்டுற சத்தம் சேர். உள்ளுக்க இருக்கிற சத்தந்தான் ஆபத்து" என்றார்.

சமதளமான ஓரிடம் வந்ததும் லொறியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, கிளீனர்ப் பையனை இறக்கினார். ஒரு போத்தல் தண்ணீர். விரல் நுனியால் நான்கு டிரம்களின் மீதும் இரண்டிரண்டு துளி தெளித்தார். மூன்றில் துளிகள் மெல்லக் காய்ந்தன. பின்பக்கத்து இடச் சக்கரத்தில் அவை சீறி மறைந்தன. (போத்தலைக் கவிழ்த்து ஊற்றப் போன பையனின் கையைத் தட்டிவிட்டார். கொதிக்கும் வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் கொட்டினால் அது வெடிக்கும் என்பது அவர் எந்த நூலிலும் வாசித்ததன்று.) பெட்டியைக் கழற்றி விட்டு, லொறியை மட்டும் ஊர்ந்துபோகும் வேகத்தில் ஓட்ட, பையன் அச்சக்கரத்தின் பக்கமாக நடந்துகொண்டே காது கொடுத்தான். 'டங்' அறவே இல்லை. முனகல் தணிந்திருந்தது, ஆனால் இருந்தது. பெட்டி இல்லாதபோது மெல்ல மிதித்தாலே போதும். அதனால்தான் இத்தனை நாள் இச்சத்தம் பிறர் காதுக்கு எட்டவில்லை. பாரம் கூடி, மிதி அழுத்தமாகி, டிரம் சூடேறிய பின்புதான் அது வாய் திறந்தது.

பெட்டியை அங்கேயே விட்டு, முதல் கியரில் ஊர்ந்து தொழிற்சாலை முற்றத்தை அடைந்தோம். ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது ஒரே இடத்தில் அது சுரண்டியது. டிரம்மைக் கழற்றினார்கள். லைனிங் ஒரு முனையில் ரிவெட்டின் தலை தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. ரிவெட்டுகள் டிரம்மில் விரல் நகம் படியும் ஆழத்துக்கு வரி கீறியிருந்தன. சூவைப் பின்னுக்கு இழுக்கும் சுருள்வில் தளர்ந்து கிடந்தது. காலை எடுத்த பிறகும் பிரேக் முழுதாக விடுபடாமல் உரசியபடியே ஓடியிருக்கிறது.

இங்கே இன்னொரு மலைநாட்டின் கதை நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் டார்பிஷர் மலைச்சரிவுகளில் குதிரைவண்டி ஓட்டியவர்கள், சக்கரத்தை அழுத்தும் மரக்கட்டை வழுக்குவதைக் கண்டு, அதில் தங்கள் பழஞ்சப்பாத்துகளை வைத்துக் கட்டினார்களாம். இதனைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் தாமும் பரிசோதனைகள் செய்து, 1897இல் பிரேக் லைனிங் தொழிலைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஃபெரோடோ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. ஃப்ரூடின் திறமையை நான் குறைத்துக் கூற வரவில்லை. ஆனால் சப்பாத்தைக் கட்டிய வண்டிக்காரன் யார்? அவனுக்குக் கிடைத்தது என்ன? உழைப்பவனின் கை கண்டறிந்தது உடைமையாளனின் பெயரில் பதிவாகும் வித்தையை நாம் டார்பிஷருக்குப் போய்த்தான் காணவேண்டும் என்பதில்லை.

பின்னாளில் அந்த லைனிங்கில் கல்நார் கலந்தது. கல்நார்த் தூசு புற்றுநோய் விளைப்பது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அதனை முற்றாகத் தடுத்தது. அன்று முற்றத்தில் கிளீனர்ப் பையன் டிரம்முக்குள் இருந்த கரிய தூசை வாயால் ஊதப் போனான். பழைய லைனிங்குகளில் என்னென்ன கலந்திருக்குமென்று அவனுக்கு எவர் சொன்னார்கள்? ஈரத் துணியால் துடைக்கும்படி சொன்னேன், வியப்போடு பார்த்தான்.

இனி, என்னை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். அச்சாரதி இந்த ஓசையை அன்றுதான் கேட்டவரல்லர். ஒன்பது நாள்களுக்கு முன்னரே, பெட்டி பூட்டாதபோதே, அவர் காதில் அது பட்டிருக்கிறது. சொல்லவும் செய்தார். "இந்தக் கிழமை ஓடட்டும், பிறகு பார்ப்போம்" என்று பதில் கிடைத்தது. சொன்னவரைக் கொடியவர் என்று நான் கருதவில்லை. அடுப்பு அணைந்தால் அவர் மேலே பதில் சொல்ல வேண்டும். மேலே இருப்பவரோ கொழும்புக்குப் பதில் சொல்ல வேண்டும். சாரதி மறுத்து நின்றால் அன்றைய செக்ரோலில் அவர் பெயர் விழாது. இவ்வாறு எல்லோரும் இன்னொருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, லொறி ஓடிக்கொண்டிருந்தது. கேட்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தும் அதிகாரமில்லை. நிறுத்தும் அதிகாரமுடையவர் லொறியில் ஏறுவதில்லை.

உடனடியான, பாரதூரமான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையினின்று விலகும் தொழிலாளியைத் தண்டனைக்கு உட்படுத்தலாகாது என்று 1981இல் சர்வதேசத் தொழில் அமைப்பின் 155ஆம் இலக்க உடன்படிக்கை, அதன் பதின்மூன்றாம் உறுப்பில் கூறுகிறது. நல்ல வாசகம். ஜெனீவாவில் எழுதப்பட்ட அவ்வாசகம் ஹேவாஹெட்ட மலையேறி வருவதற்கு எத்தனை வளைவுகள் இருக்கின்றனவோ! தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காக முழங்குகின்றன; முழங்கத்தான் வேண்டும். ஆயினும், பழுதென்று சாரதி சொன்ன வாகனம் அவர் ஒப்பமின்றி வெளியே போகலாகாது என்ற ஒரு வரியைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிவைக்க எந்தச் சங்கத்துக்கும் பணம் செலவாகாது. விபத்து நேர்ந்த மறுநாள் பத்திரிகைக்கு இரண்டு சொற்றொடர்கள் தயாராக இருக்கின்றன: "பிரேக் செயலிழந்தது", "சாரதியின் கவனயீனம்". முதலாவது இரும்பின் மேல் பழியைப் போடுகிறது, இரண்டாவது ஏழையின் மேல். இரும்பு ஒன்பது நாள் முனகியதையும், ஏழை ஒன்பது நாள் எடுத்துச் சொன்னதையும் குறிக்க மூன்றாவது சொற்றொடர் அச்சுக்கூடத்தில் இல்லை.

அத்தோட்டத்தில் வாகனப் பழுதுகளைப் பதியும் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. மாலையில் சாரதி என்னிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினார். தமிழிலேயே எழுதித் தரும்படி கேட்டார். லைனிங், சுருள்வில், கொளுவியின் ஊசி என ஒவ்வொன்றாக அவர் சொல்ல நான் எழுதினேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது தலையசைத்துத் தடுத்தார்.

"தேதியப் போடுங்க சேர். இன்னைக்கித் தேதி இல்ல. நான் மொதல்ல சொன்ன தேதி."