கோர் குளிர்ந்தால் மட்டும் போதாது

ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டுக்கு வேறு கூலர் மாட்டிய தம்பி ஒருவர் கவலையோடு கேட்டார். கோர் வெப்பம் 60 டிகிரிதான், ஆனாலும் கேம் தொடங்கிய சிறிது நேரத்தில் வேகம் சரிகிறதாம். கார்டே போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2020இல் வந்த இந்தக் கார்டில் 24 ஜிபி ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. அந்தச் சில்லுகளில் பாதி பலகையின் பின்பக்கம் இருக்கின்றன. புதிய கூலர் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் கவனிக்கும். மெமரி 110 டிகிரியை எட்டினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கோர் வெப்பத்தோடு நிற்காமல், மெமரி ஜங்ஷன் வெப்பத்தையும், அதாவது மெமரி சில்லுக்குள் இருக்கும் வெப்பத்தையும் பாருங்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது தெர்மல் பேடின் தடிமனைத்தான். அரை மில்லிமீட்டர் குறைந்தாலே பேடுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். கூடினால் ஹீட்சிங்க் கோர் மீது சரியாக அமராது. அப்போது ஹாட்ஸ்பாட் வெப்பம், அதாவது சிப்பிலேயே மிகச் சூடான இடத்தின் வெப்பம், காட்டப்படும் கோர் வெப்பத்தைவிட வெகுவாக எகிறும். ஸ்க்ரூக்களையும் ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

திரையே வரவில்லை என்றால் பவர் கேபிளையும், கார்டு ஸ்லாட்டில் முழுதாக அமர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கனமான கூலர் கார்டைக் கீழே இழுத்துவிடும்.

பழைய கூலரையும் அதன் ஸ்க்ரூக்களையும் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அதைத் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கார்டு செத்ததா இல்லையா என்று முடிவெடுங்கள்.