அடிக்காதீர்கள், அது நம்மவர்!

வீட்டுத் தொட்டியில் பூச்சி கண்டால் உங்கள் கை முதலில் எதைத் தேடும்? மருந்துப் புட்டியைத்தானே? இனிமேல் கைப்பேசியைத் தேடுங்கள். அதற்குக் காரணம் சொல்கிறேன்.

திருப்பூரில் இருக்கும் என் சித்தி மொட்டை மாடியில் செடி வளர்க்கிறாள். சென்ற மாதம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. “செம்பருத்தி இலையெல்லாம் வெள்ளைப் பூச்சி. என்ன மருந்து அடிக்கட்டும், கண்ணு?” என்று கேட்டிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாவுப்பூச்சிகள்தாம். ஆனால் நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகப் பெரிது. நீண்ட மெழுகு இழைகள் வேறு. “அது நகருகிறதா, சித்தி?” என்றேன்.

“விறுவிறுன்னு ஓடுது!”

“அப்படியானால் மருந்து வேண்டாம். அது திருடன் அல்ல, மாறுவேஷப் போலீஸ்காரன்!”

ஆம், சகோதரிகளே! கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு அது. காப்பிச் செடியின் செதில் பூச்சியை ஒழிக்க 1898-ல் இந்த வண்டை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். புழு, மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை வேஷம் போட்டு, அந்த மாவுப்பூச்சியையே தின்கிறது. வேஷத்தை நம்பி நசுக்கினால் நஷ்டம் நமக்கு.

மாவுப்பூச்சி இலேசான எதிரி அல்ல. 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, திருப்பூர், ஈரோடு பக்கமெல்லாம் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடியது. மெழுகுப் போர்வைக்குள் மருந்து எளிதில் இறங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்த பிறகே அதன் கொட்டம் அடங்கியது.

கத்தரிச் செடியிலோ கதை நேர்மாறு. அங்கே அழகாகப் புள்ளி வைத்துக்கொண்டு வரும் வண்டு இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். எப்படி அடையாளம் காண்பது? முதுகு பளபளத்தால் பெரும்பாலும் நண்பன். மங்கலாய், மெல்லிய ரோமத்தோடு, 28 புள்ளிகள் இருந்தால் எபிலாக்னா. தயவு தாட்சண்யம் வேண்டாம். பொறுக்கி எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

படம் எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. முதுகு, பக்கவாட்டு, முகம் என்று மூன்று படம் எடுங்கள். மீசை தெரியட்டும். அளவு தெரியப் பக்கத்தில் ஓர் அரிசியை வையுங்கள். எந்தச் செடி, எந்த ஊர், என்ன தேதி என்றும் எழுதுங்கள். செடியின் பெயரே பாதித் துப்பு.

சில வண்டுகளின் முழுப் பெயரை, உள்ளுறுப்பை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் நிபுணரும் சொல்ல முடியும். அதனால் என்ன? குடும்பம் தெரிந்தால் சமையலறைக்குப் போதும். இனிஷியலைப் பிறகு விசாரித்துக் கொள்ளலாம்.