சிங்கப்பூர்ப் பூங்காக்களில் ஒரு ரமளான்



நம் பகுதி மத்ரஸாக்களில் ஷஃபான் மாத நடுவில் விடுப்பு விட்டால் ஷவ்வாலில்தான் மீண்டும் வகுப்பு தொடங்கும். மாணவர்களுக்கு அது விடுமுறை. ஹாஃபிழ்களான உஸ்தாதுகளுக்கோ அது இன்னொரு வேலைக்காலம். தராவீஹ் தொழவைக்க வெளியூர்களுக்கும், வாய்ப்பு அமைந்தால் வெளிநாடுகளுக்கும் புறப்பட்டுவிடுவார்கள். வில்லியனூர் கொம்யூனைவிட்டு அதிகம் வெளியே செல்லாத நமக்கும் 2023ஆம் ஆண்டு ரமளானில் சிங்கப்பூரில், தமிழ் முஸ்லிம்கள் மிகுதியாகத் தொழும் ஒரு பள்ளிவாசலில் அந்தப் பணி கிடைத்தது.

பணி இரவில்தான். பகற்பொழுது முழுவதும் நம்முடையது. தங்கிய அறை நால்வர் படுத்தால் ஐந்தாமவர் நிற்க இடமில்லாத அளவு. அன்றிரவு ஓத வேண்டிய ஜுஸ்உவைத் திரும்பத் திரும்ப ஓதிப் பார்க்க அங்கே அமைதி இல்லை. பள்ளிவாசலின் பெரியவர் ஒருவர் பேருந்து அட்டையைக் கையில் கொடுத்து, "ஹஜ்ரத், பூங்காவுக்குப் போய் நடந்துகொண்டே ஓதுங்கள்" என்றார். நோன்பு வைத்துக்கொண்டு பூங்கா சுற்றுவதா என்று முதலில் கூச்சமாக இருந்தது. பூங்கா என்றால் பொழுதுபோக்கு, பொழுதுபோக்கு என்றால் வீண் என்பதே நாம் பழகிய கணக்கு.

முதலில் சென்றது தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கப்பட்ட அதனை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதிகாலை ஐந்து மணிக்குத் திறந்தால் நள்ளிரவில்தான் மூடுகிறார்கள். ஆர்க்கிட் தோட்டத்திற்கு மட்டுமே கட்டணம். ஐந்து வெள்ளித் தாளின் பின்புறம் ஒரு மரம் அச்சாகியிருக்கும். அந்தத் தெம்புசு மரம் இங்கேதான், தாழ்ந்த கிளையொன்றைக் கை நீட்டியதுபோல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் இந்தத் தோட்டத்திற்குத்தான் வந்து சேர்ந்தன. 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர் மரம் பட்டுப்போகாமல் பாலெடுக்கும் முறையை இங்கே வகுத்தார். அதன்பின் மலாயா முழுவதும் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பால் வெட்டுவதற்காக நம் தமிழ் மக்கள் கப்பல் கப்பலாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். நாம் நிழலுக்கு ஒதுங்கிய தோட்டத்திற்குள் அத்தனை குடும்பங்களின் கதையும் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் புதுச்சேரித் தாவரவியல் பூங்கா பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் அமைத்தது. சிங்கப்பூருடையதற்கு 33 ஆண்டுகள் மூத்தது. அதற்குள் நாம் காலடி வைத்தது வாழ்நாளில் இரண்டு முறை. பாரதி பூங்காவில் உட்கார்ந்ததும் அரசு அலுவலகத்தில் காத்திருக்கச் சொன்ன நாட்களில் மட்டும்தான். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து மக்களுக்குப் பூங்கா என்பது நகரத்துக்காரர்களின் சொத்து. நமக்கு வாய்த்தவை ஏரிக்கரையும் ஆற்றுமணலும்தான்.

தெலுக் ஆயர் தெருவுக்கும் சென்றோம். கடல் தூர்க்கப்படுவதற்கு முன் அந்தத் தெருவே கடற்கரை. 1828க்கும் 1830க்கும் இடையே நம் மக்கள் கட்டிய நாகூர் தர்கா அங்கே நிற்கிறது. சற்றுத் தள்ளி, ஒரு காலத்தில் குச்சுப் பள்ளி என்று அழைக்கப்பட்ட அல் அப்ரார் பள்ளிவாசல். தர்காவுக்கும் சீனர் கோயிலுக்கும் நடுவே கையளவு பசுமையாக ஒரு சிறு பூங்கா. முதல் குடியேறிகளின் வெண்கலச் சிலைகள் அதிலுண்டு. காரைக்காலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள நாகூரின் பெயரை அத்தனை உயரமான கட்டடங்களுக்கு நடுவே தமிழ் நாவால் சொல்லிப் பார்த்தபோது இனம் புரியாத ஆறுதல் ஏற்பட்டது.

இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு. தராவீஹ் முடிந்து வெளியே வருகிறோம். செருப்பு அடுக்கின் அருகே ஓர் இளைஞர் நின்றார். "ஹஜ்ரத், என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஹிஃப்ளு ஓதிய மாணவர். ஒன்பது ஜுஸ்உகள் முடித்திருந்தவர். அஸருக்குப் பின் ஊசுட்டேரிக்கு ஓடிப்போய்ப் பறவை பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. மஃரிபுக்குச் சேற்றுக் காலுடன் வருவார். இரண்டு முறை கண்டித்தோம். மூன்றாம் முறை, எல்லா மாணவர்களுக்கும் முன்பாக, கை வீங்கும்வரை அடித்தோம். அடுத்த வாரம் அவருடைய தகப்பனார் வந்து பெட்டியை எடுத்துச் சென்றார். படிப்பில் ஆர்வமில்லாத பிள்ளை என்று நாமே மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டோம். அது பொய் என்பது அப்போதே நமக்குத் தெரியும்.

அவர் அங்கே ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறார். நோன்பு வைத்துக்கொண்டே வெயிலில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் சுமக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நம்மை அழைத்துக்கொண்டு பூங்கா பூங்காவாகச் சுற்றினார். "இது நான் வெட்டின புல்லு ஹஜ்ரத்", "இந்த மரத்துக்குப் போன மாசம்தான் கிளை கழிச்சோம்" என்று தம் வீட்டுக் கொல்லையைக் காட்டுவதுபோல் காட்டினார். பூங்காக்களை இணைக்கும் நடைபாதைகளே 300 கிலோமீட்டருக்கும் அதிகம் என்றார். சாலை நெடுக நிற்பவை நம்மூர்த் தூங்குமூஞ்சி மரங்கள்தாம். மாலையில் அவற்றின் இலைகள் மூடிக்கொள்வதைப் பார்த்து, மஃரிப் நெருங்கிவிட்டதென்று அங்கே தெரிந்துகொள்வாராம்.

அஸர் வேளையில் ஒரு மரத்தடியில் அவர் தம் மேற்சட்டையை விரித்தார். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்ற நபிமொழியை ஃபிக்ஹு வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்போம்! புல்லின் ஈரம் நெற்றியில் பட ஸஜ்தா செய்தது அன்றுதான் முதல் முறை. தொழுத பின், "எவ்வளவு நினைவிருக்கிறது, தம்பி?" என்று கேட்டோம். ஓதிக் காட்டினார். இரண்டு இடங்களில் மட்டும் தடுமாறினார். ஒன்பதில் ஏழு ஜுஸ்உகள் அப்படியே இருந்தன. இயந்திரம் இரையும்போது காதை அடைத்துக்கொள்வார்களாம். அப்போது வேறெதுவும் கேட்காது, ஓதுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது என்றார்.

நமக்கு அந்த நேரத்தில் பைருஹா நினைவுக்கு வந்தது. மதீனாவில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த பேரீச்சந்தோட்டம். அபூதல்ஹா ரளியல்லாஹு அன்ஹு அவர்களுடையது. தமக்கு மிகவும் பிரியமான அதனை அவர்கள் அல்லாஹ்வுக்காக அறம் செய்த வரலாற்றை இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம். அதே ஹதீஸில், நபியவர்கள் அந்தத் தோட்டத்திற்குள் செல்வார்கள், அங்குள்ள இனிய நீரை அருந்துவார்கள் என்றும் இருக்கிறது. அந்த வரியை ஒவ்வோர் ஆண்டும் வாசித்துவிட்டு, நில்லாமல் அறத்தின் பக்கம் போய்விடுவோம். ஸஹாபாக்களின் கல்வி, தொழுகை, போர், வறுமை அத்தனைக்கும் நடுவே, தோட்டத்திற்குள் நுழைந்து தண்ணீர் அருந்த நபியவர்களுக்கு நேரமிருந்தது. பெருநாளன்று பள்ளிவாசலிலேயே அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதைத் தடுக்காமல் பார்த்தவர்களும் அவர்களே. நாமோ ஏரிக்குப் போனதற்காக ஒரு பிள்ளையின் கையை வீங்க வைத்தோம்.

"அன்று நான் செய்தது தவறு, தம்பி. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் விடுங்க ஹஜ்ரத். நோன்பு திறக்க நேரமாச்சு, கஞ்சி தீர்ந்துடும்" என்று எழுந்துவிட்டார். மன்னித்தாரா என்று நமக்குத் தெரியாது. மறுபடி கேட்பதும் அவர்மேல் சுமையை ஏற்றுவதாகும் என்று பேசாமல் பின்னால் நடந்தோம். பெருநாளுக்குப் பின் ஊர் திரும்பும்போது விமான நிலையத்திற்கு அவர் வர இயலவில்லை, வேலை நாள்.

நம் மத்ரஸாவின் பின்புறம் வேப்பமரங்களும் ஒரு புளியமரமும் நிற்கும் காலி மனை உண்டு. பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடந்தது, சாவி நம்மிடம்தான். ஷவ்வாலில் வகுப்பு தொடங்கியதும், அஸரிலிருந்து மஃரிபுக்குக் கால் மணி நேரம் முன்புவரை அதைத் திறந்துவிட்டோம். முதல் மாதமே பந்து பட்டு ஹவ்ளுக்கு மேலிருந்த குழல்விளக்கு உடைந்தது. முத்தவல்லி கோபித்துக்கொண்டார், விளக்கின் விலையை நாமே கொடுத்தோம். பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள் என்று பெற்றோர் இருவர் நேரில் வந்தே சொன்னார்கள். ஓதுவதில் சில பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள், சிலர் பின்தங்கியும் இருக்கிறார்கள். விளையாட்டால் எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், இரு மாணவர்கள் மஃரிபின் இரண்டாம் ரக்அத்தில் வந்து சேர்ந்தார்கள். கால்களில் சேறு. தொழுகை முடிந்ததும் அருகே அழைத்தோம். ஊசுட்டேரி என்றார்கள் நடுங்கிக்கொண்டே. இனி ஜமாஅத் தவறக் கூடாது, போவதானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றோம். பிறகு, எந்தெந்தப் பறவைகள் வந்திருக்கின்றன என்று கேட்டோம். பெயர் தெரியாது ஹஜ்ரத், நிறைய வந்திருக்கு என்றான் சிறியவன்.