கோட்டை ஏறியாச்சா? குகைக்கும் வாங்க!

செமஸ்டர் முடிஞ்சுதா? கோயம்பேடுக்குப் போகாதீங்க, கிளாம்பாக்கத்துல திருவண்ணாமலை பஸ் ஏறி செஞ்சியில் இறங்குங்க. ராஜகிரி 800 அடி. காலையிலேயே ஏறிடணும், வெயில் வந்தா பாறை தோசைக்கல்தான். தண்ணி பாட்டில் பைக்குள்ளே இருக்கட்டும், கையில் இருந்தா குரங்கு வாங்கிக்கும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பிளவு, மேலே சின்னப் பாலம். இந்தக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கு 1690-லிருந்து 1698 வரை ஏன் ஆச்சுன்னு அங்கே முட்டி வலியோட புரியும். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாச்சு.

முக்கால்வாசிப் பேர் இதோட ஊர் திரும்பிடறாங்க. நீங்க விழுப்புரம் ரோட்டுல மண்டகப்பட்டுக்கு வாங்க. மூச்சு வாங்க வேண்டாம், சின்னப் பாறைதான். அதைக் குடைஞ்சு மூணு கருவறை, மூணும் காலி. ரெண்டு பக்கமும் துவாரபாலகர்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாம மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில்னு கல்வெட்டு சொல்லுது. 7-ம் நூற்றாண்டு மகேந்திரவர்ம பல்லவன் வேலை. இவ்வளவு செஞ்சவர் அதில் 'விசித்திரசித்தன்'னு பட்டப்பேரோட நிறுத்திக்கிட்டார். ராஜகிரி சுவர்ல ஆணியால கீறின ஹார்ட்டுகளைப் பார்த்துட்டு வந்தா, நமக்குத்தான் கூச்சமா இருக்கு!

திரும்பற பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வெச்சுக்குங்க.