ஒரு ஆள் இடம்

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் ஹெலிகாப்டர் கண்ணுக்குத் தெரிய நேரமாகும். கிழக்கே மலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பியது கடலைத் தாண்டி, ஜார்ஜ்டவுனைத் தாண்டி, மலைமுகட்டில் தலைகாட்டும்வரை நமக்குச் சத்தம் மட்டும்தான். அதுவும் முதலில் சத்தமாக வராது. நெஞ்சுக்கூட்டை உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டுகிற மாதிரி இருக்கும். போன டுரியான் பருவத்தில் ஒருநாள் கோப்பிக்கடையில் பேத்திக்கு லக்சா வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தட்டல் வந்தது. கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வயது எழுபதைத் தாண்டியும் இந்தப் பழக்கம் விடவில்லை.

"தாத்தா, ஹெலிகாப்டர்தானே?" என்றாள் பேத்தி உள்ளேயிருந்து.

ஹெலிகாப்டர்தான். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது. பாட்டி அதைத் தட்டான் என்பாள்.

பாட்டி அதை முதலில் பார்த்தது கூலிம் பக்கத்துத் தோட்டத்தில். மலாயாவின் அவசரகாலம். காட்டோரத்தில் அடிபட்ட பட்டாளத்துக்காரன் ஒருவனைத் தூக்கிப்போக வந்ததாம். வால் நீளமாக, தலை உருண்டையாக, நின்ற இடத்திலேயே ஆகாயத்தில் நின்றதாம். குளத்து மேல் நிற்கிற தட்டானைப் பார்த்தவளுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பழைய படங்களையும் புத்தகங்களையும் புரட்டத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அதைச் செய்த வெஸ்ட்லாண்ட் கம்பெனியும் அதற்கு டிராகன்ஃப்ளை என்றுதான் பெயர் வைத்திருந்தது. தட்டான்தான். 1950ல் காயம்பட்டவர்களைக் காட்டிலிருந்து தூக்கிவர பிரிட்டிஷ் விமானப்படை மலாயாவுக்குக் கொண்டுவந்த முதல் ஹெலிகாப்டர்கள் அவை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாத பாட்டி சரியான பெயரைச் சொல்லிவிட்டாள்.

நான் பார்த்த முதல் ஹெலிகாப்டர் தட்டான் இல்லை. 1961 வாக்கில், எனக்கு எட்டு வயது. கொஞ்சம் தொப்பை போட்ட உடம்பு, மேலே மூன்று இறக்கை. வயல் மேல் தாழப் பறந்து போயிற்று. நாற்று எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து எழுந்தது. நாங்கள் பையன்கள் அதன் பின்னால் வரப்பில் ஓடினோம். அன்று சாயங்காலம் மலையடிவாரத்தில் பொறுக்கிய இரட்டைச் சிறகு காட்டுக்கொட்டைகளை ஆளுக்கு ஒரு பை நிறைய வைத்துக்கொண்டு, சுவரில் ஏறி நின்று ஒவ்வொன்றாக விட்டோம். கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு, விழ மனமில்லாததுபோல் இறங்கும். அந்தத் தொப்பை ஹெலிகாப்டரின் பெயர் பிரிஸ்டல் சைகமோர். சைகமோர் என்பது குளிர்நாட்டு மரம். அதன் விதைக்கும் சிறகு உண்டு, அதுவும் இப்படித்தான் சுற்றிக்கொண்டு விழுமாம். அதனால்தான் அந்தப் பெயர். பாட்டிக்குப் பூச்சி, எங்களுக்கு விதை. வெள்ளைக்காரனும் அதே இரண்டைத்தான் பார்த்திருக்கிறான்.

அப்பா தச்சர். அவருக்கு இறக்கைமேல்தான் கண். அது மரத்தால் செய்தது என்று சித்தப்பா வந்து சொன்ன அன்று, அப்பா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். "எந்த மரம்? எதை வைத்து ஒட்டினான்?" என்றுதான் கேட்டார். சித்தப்பா அப்போது பட்டர்வொர்த் விமானத் தளத்தில் பட்டறைக் கையாளாக இருந்தார். 1941ல் திறந்த தளம் அது. அவர் சேர்ந்த காலத்தில் ஆஸ்திரேலியர் கையில் இருந்தது. 1959ல் பிரிட்டிஷாரின் 110வது ஹெலிகாப்டர் படையும் கோலாலம்பூரிலிருந்து அங்கே வந்து சேர்ந்திருந்தது. அந்த வருஷம் சைகமோர்களைக் கொஞ்சகாலம் பறக்க விடாமல் நிறுத்தியும் வைத்திருந்தார்கள். இந்த ஊர் வெக்கையும் ஈரமும் சேர்ந்து இறக்கை மரத்தை ஒட்டிய பசையை விட வைத்தன. ஆகாயத்திலேயே இறக்கை பிரிந்து ஆட்கள் செத்துப்போனார்கள். அப்பா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "பினாங்கு மழையில நாற்காலி காலே கழண்டு வருது. அதுல ஏறிப் பறக்கணும்னா நெஞ்சு வேணும்டா" என்றார்.

சித்தப்பா சனிக்கிழமை பெரி ஏறி, பஸ் பிடித்து, மலை சுற்றி வீட்டுக்கு வருவார். சாப்பாடு முடிந்ததும் எங்கள் பாடம் ஆரம்பிக்கும். முக்காலியில் உட்கார்ந்து, விளக்குமாற்றுக் கட்டையை முழங்கால்களுக்கு நடுவே நட்டு வலக்கையில் பிடிப்பார். அது போகிற திசைக்கு. இடக்கைக்கு அப்பாவின் சுத்தியல். அதன் பிடியைத் தூக்கினால் ஏறும், தாழ்த்தினால் இறங்கும். பிடியிலேயே மோட்டார் சைக்கிள் மாதிரி முறுக்குவது ஒன்று உண்டு, அது எஞ்சினுக்கு. காலடியில் ஒரு ஜோடி சிலிப்பர். மூக்கை இடம் வலம் திருப்ப.

"ஏர்றது லேசு. போறது லேசு. நின்ன எடத்துல நிக்கிறதுதான் கஷ்டம்" என்பார். பிடியைத் தூக்கினால் இறக்கை காற்றை அதிகம் அள்ளும், எஞ்சின் திணறும், உடனே முறுக்க வேண்டும். முறுக்கினால் இறக்கை சுற்றுகிற திசைக்கு எதிராக உடம்பு திரும்பப் பார்க்கும். சிலிப்பரை அழுத்த வேண்டும். அழுத்தினால் வால் காத்தாடி மொத்த வண்டியையும் பக்கவாட்டில் தள்ளும். விளக்குமாற்றைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் உயரம் குறையும், மறுபடி பிடி. நாங்கள் ஒவ்வொருவராக முக்காலியில் ஏறுவோம். சித்தப்பா, "காத்து வலப்பக்கம்! எஞ்சின் எறங்குது! காலு, காலு!" என்று கத்துவார். நான் எப்போதும் அரை நிமிஷத்தில் விழுந்துவிடுவேன். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அசையாமல் நிற்கிற மாதிரி. உள்ளே இருக்கிறவனின் இரண்டு கையும் இரண்டு காலும் ஓய்வதே இல்லை.

இதை முதன்முதலில் பழகியவர்களுக்குச் சொல்லித்தர எந்தச் சித்தப்பாவும் இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பு. கீவ் நகரத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் சிகோர்ஸ்கி, 1939 செப்டம்பர் 14 அன்று தன் சோதனை வண்டியைக் கயிற்றால் தரையோடு கட்டிவைத்துத்தான் தூக்கிப் பார்த்தார். ஓட்டியதும் அவரே. அதிலிருந்து வந்ததுதான் ஆர்-4. 1942 ஜனவரி 14ல் கனெக்டிகட் மாநிலத்து ஸ்ட்ராட்ஃபோர்டில் லெஸ் மோரிஸ் அதைப் பறக்கவிட்டார். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி. இறக்கைக்கு நடுவே இரும்புத் தண்டு, குறுக்கே மர விலா, அதன் மேலும் துணி. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதைப் பாய்மரத் தோணியின் உறவு என்றிருப்பார். அந்த மே மாதம் மோரிஸ் அதை ஒஹாயோவில் இருந்த இராணுவத் தளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். வழியெல்லாம் இறங்கி இறங்கிப் போய்ச் சேரப் பல நாள் ஆயிற்று.

பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹெலிகாப்டர் அதுதான். மொத்தம் 131 செய்தார்கள். வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர், அதுவும் நல்ல நாளில். அதன் முக்கிய வேலை பாடம் நடத்துவது. நியூயார்க்கில் ஃப்ளாய்ட் பென்னட் தளத்தில் கடலோரக் காவல்படையின் ஃபிராங்க் எரிக்சன், அமெரிக்கருக்கும் பிரிட்டிஷாருக்கும் அதில்தான் பயிற்சி கொடுத்தார். அலையில் ஆடும் கப்பல் தளத்தில் இறங்கிப் பழக, தரையிலேயே ஆடுகிற மேடை ஒன்று கட்டினார். 1944 ஜனவரி 3ல் துறைமுகத்துக்கு வெளியே ஒரு போர்க்கப்பல் வெடித்தபோது, வேறு எந்த விமானமும் எழும்ப முடியாத பனிப்புயலில் இரத்த பிளாஸ்மாவைக் கட்டி எடுத்துப்போனதும் அவர்தான். பிரிட்டிஷ் விமானப்படை 1945ல் ஆண்டோவரில் தன் முதல் ஹெலிகாப்டர் பள்ளியைத் திறந்தபோதும் கையில் இருந்தது இதுவே. அங்கே அதற்கு ஹோவர்ஃப்ளை என்று பெயர். ஓரிடத்தில் மிதந்து நிற்கிற ஈ.

இரண்டு இருக்கை, பக்கம் பக்கமாக. சித்தப்பா சுத்தியலால் காட்டுவாரே, அந்தப் பிடி, ஆர்-4ல் ஒன்றே ஒன்றுதான்; இரண்டு இருக்கைக்கும் நடுவில். பழகுகிறவன் இடக்கையால் பிடிக்க வேண்டுமென்றால் வலது இருக்கையில் உட்கார வேண்டும். வாத்தியார் இடது பக்கம் உட்கார்ந்து கை மாற்றிப் பிடித்துக்கொள்வார். விமானத்தில் தலைமை விமானிக்கு இடது இருக்கை. ஹெலிகாப்டரில் மட்டும் வலது. அந்த ஒற்றைப் பிடியிலிருந்து வந்த வழக்கம் என்று பழைய விமானிகள் சொல்வதுண்டு. அதனால்தான் சித்தப்பாவும் முக்காலியை எப்போதும் திண்ணையின் வலது ஓரத்தில் போடச் சொன்னார் போலும்.

அந்த இரண்டாவது இருக்கையைப் பற்றித்தான் ஒருநாள் பாட்டி கேட்டாள். தட்டானில் எத்தனை பேர் போகலாம் என்று.

"இப்ப உள்ளதுல மூணு நாலு பேரு போலாம்மா. மொதல்ல வந்ததுல ஓட்டுறவனுக்குப் பக்கத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் எடம்" என்றார் சித்தப்பா. அதோடு தளத்தில் கேள்விப்பட்ட பர்மாக் கதையையும் சொன்னார். அதைப் பின்னாளில் நான் விவரமாகப் படித்தேன். 1944 ஏப்ரல் கடைசி வாரம். ஜப்பானியர் பிடியில் இருந்த வடபர்மாக் காட்டில் சிறு விமானம் ஒன்று விழுந்துவிட்டது. விமானியும், காயமும் காய்ச்சலுமாக மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அசாமில் லாலாகாட் தளத்திலிருந்து கார்ட்டர் ஹார்மன் என்ற இளைஞர் பயிற்சி வண்டியான அதே ஆர்-4ஐ மலை தாண்டி எடுத்துப்போனார். வெக்கைக் காற்றில் எஞ்சினுக்கு இழுக்கத் தெம்பில்லை. ஒரு ஆளை ஏற்றினால் அதுவே பாரம். ஒருவரைத் தூக்கி ஆற்று மணல்திட்டில் இறக்கி, திரும்பப் போய், அடுத்தவரை. எஞ்சின் கொதித்துப்போய் இரவு அங்கேயே தங்க வேண்டி வந்தது. மறுநாள் காலை மிச்ச இருவரையும் எடுத்தார். நாலு பேருக்கு நாலு நடை. போரில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு அது என்கிறார்கள்.

பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தாள். வெற்றிலையை மடித்தவள் வாயில் போடவில்லை.

என் தாத்தாவை ஜப்பான்காரன் அதற்கு முந்தின வருஷம் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தான். தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றியவர்களில் அவர் ஒருவர். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை. அதில் செத்த தமிழர் ஆயிரம் ஆயிரமாக. காலராவும் மலேரியாவும் புண்ணும் பசியும். 1943 அக்டோபரில் பாதை முடிந்துவிட்டது; ஆட்களை விடவில்லை. சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாக ஒன்றிரண்டு பேர் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். தாத்தா திரும்பவில்லை. இறந்தார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் பாட்டி தாலியைக் கழற்றவில்லை. அப்பா இங்கே வேலைக்கு வந்த பிறகும் அவள் தோட்டத்தை விட்டு வர மறுத்துக்கொண்டே இருந்தாள். "அவரு தேடி வந்தா எங்க வருவாரு?" 1952ல்தான் சம்மதித்தாள். அப்போதும் லயத்து அடுத்த வீட்டில் சொல்லி, கிராணியிடம் சொல்லி, ஒரு அட்டையில் 'பாலிக் புலாவ், தச்சர் வீடு' என்று எழுதிவைத்துவிட்டுத்தான் பெரி ஏறினாள்.

"ஒரே ஒரு ஆளுதான் போலாமா?" என்று பாட்டி மறுபடியும் கேட்டாள்.

"ஆமாம்மா. அதான் சொன்னேனே."

"எனக்கு ஒரு ஆளுதானடா வேணும்" என்றாள்.

சித்தப்பா விளக்குமாற்றைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினார். அதற்குப் பிறகு அந்த முக்காலிப் பாடம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

பல வருஷம் கழித்து மனைவி வழி உறவில் ஒரு கல்யாணத்துக்காக அரக்கோணம் பக்கம் போனோம். விடிகாலை கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் அந்தத் தட்டல். கூடவே மெல்லிய விசில் மாதிரி ஒரு கூவல். பட்டர்வொர்த் பக்கம் கேட்ட அலுவெட்டின் குரல்! வாயில் நுரையோடு வரப்புக்கு ஓடினேன். "நேவிப் பசங்க பழகுறாங்க அண்ணே" என்றார் அந்த வீட்டுக்காரர். 1992ல் திறந்த ஐ.என்.எஸ். ராஜாளி, இந்தியக் கடற்படைக்கு ஹெலிகாப்டர் விமானிகளை உருவாக்குவது அங்கேதான். பிரெஞ்சுக்காரனின் அலுவெட் மூன்றைப் பெங்களூரில் செய்து சேட்டக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் விமானப்படையும் 1960களில் வாங்கியது அதே வண்டிதான். அதில் பழகி நூரி என்ற ஹெலிகாப்டருக்குப் போனவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்திருக்கும். பிரெஞ்சு இறக்கை, மேலேயிருந்து பார்த்தால் வலஞ்சுழி. சிகோர்ஸ்கி குடும்பத்தில் பிறந்த நூரியோ ஆர்-4 போலவே இடஞ்சுழி. பிடியைத் தூக்கும்போது ஒன்றில் வலதுகாலை அழுத்த வேண்டும், மற்றதில் இடதுகாலை. பழகின காலை மறக்கடிக்க வேண்டும். 1968ல் வந்த அந்த நூரியும் அரை நூற்றாண்டு பறந்து ஓய்ந்துவிட்டது.

அரக்கோணத்து வயல் மேல் அந்தச் சேட்டக் எழும்பாமலும் போகாமலும் நின்றது. கொஞ்சம் இடப்பக்கம் நழுவும், திருத்தும். மூக்கு திரும்பும், திருத்தும். உள்ளே யாரோ ஒரு பையன். காலு, காலு என்று எனக்குள் சித்தப்பாவின் குரல்.

நின்ற இடத்தில் நிற்கப் பாட்டிக்கு அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை. சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வருவாள். மலைமுகட்டைப் பார்த்து நிற்பாள். அது தலைக்கு மேல் வந்து, வயலைத் தாண்டி, சுங்கை பினாங் பக்கம் கடலுக்குள் மறையும்வரை நிற்பாள். கையை ஆட்ட மாட்டாள். எங்களையும் ஆட்ட விட மாட்டாள். பிறகு உள்ளே போய்ச் சோற்றை வடிப்பாள். 1974ல் அவள் போகும்வரை இது நடந்தது. நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

கோப்பிக்கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மலைக்கு மேல் புள்ளியாகத் தெரிந்தது, பெரிதாயிற்று, டுரியான் தோப்பின் மேல் நிழலை இழுத்துக்கொண்டு போயிற்று. உள்ளே லக்சா ஆறிக்கொண்டிருந்தது. பேத்தி கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்து என் பக்கத்தில் நின்றாள்.