சாந்தினி சவுக்கில் ஒரு முக்காலி

செங்கோட்டைக்கு எதிரே இறங்கியதும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி: "வழியில உட்கார இடம் இருக்குமா தம்பி?" வயது 67. ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு 71, தபால் துறையில் இருந்தவர். திருச்சிக்காரர்கள். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், வீட்டுக் கடன் என்று தள்ளிப்போட்டு வந்த தில்லிப் பயணம் இது. எல்லாம் முடிந்தபோது அம்மாளின் முழங்கால் தேய்ந்துவிட்டது. மூத்த குடிமக்களுக்கு ரயில்வே தந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நின்றுபோனது. "காத்திருந்ததுல ரெண்டும் நஷ்டம்" என்று சிரிக்கிறார் கணவர். ஹிந்திக்குத் துணையாக நான்.

சாந்தினி சவுக், ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 1650-ல் உருவாக்கிய கடைவீதி. அங்கிருந்த குளத்தில் நிலா பிரதிபலித்ததால் வந்த பெயர் என்பார்கள். குளம் மறைந்துவிட்டது, கூட்டம் மட்டும் குறையவில்லை. 2021-ல் சீரமைத்த பிறகு, செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கி.மீ. தூரத்துக்குக் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. சிவப்புக் கல் பாவிய தெருவில் ஆங்காங்கே கல் இருக்கைகள். ஒவ்வொன்றிலும் அம்மாள் இரண்டு நிமிடம் உட்கார்கிறார். குரு தேக் பகதூர் 1675-ல் உயிர்நீத்த இடத்திலுள்ள சீஸ்கஞ்ச் குருத்வாராவில் அரை மணி நேரம்.

சோதனை மசூதியைத் தாண்டித்தான். காரி பாவ்லி என்றால் உப்புநீர்க் கிணறு. கிணறு இன்றில்லை, இருப்பது மொத்த மசாலாச் சந்தை. மூட்டை சுமப்பவர்களும் கைவண்டிகளும் யாருக்கும் ஒதுங்குவதில்லை. காற்றில் மிளகாய் நெடி, தும்மாதவர் கிடையாது. கடோடியா மார்க்கெட்டின் மொட்டை மாடிக்கு இளைஞர்கள் கேமராவோடு ஏறுகிறார்கள். அம்மாள் மூன்றாவது படியில் நின்றுவிட்டார். கணவரின் முகம் வாடியது. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் கீழேயே இருக்கேன்."

கீழே ஒரு மஞ்சள் கடைக்காரர் பேசாமல் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். அம்மாள் உட்கார்ந்து, சாக்கிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்து, உள்நிறத்தைப் பார்த்து, முகர்ந்தார். "ஈரோடு?" கடைக்காரர் மலர்ந்து தலையாட்டினார். அடுத்து மிளகு, ஏலக்காய் என்று பரீட்சை தொடர்ந்தது. அவர் ஹிந்தியில் விலை சொல்ல, இவர் தமிழில் குறைக்க, விரல்களே கணக்கை முடித்தன. எனக்கு வேலையே இல்லை.

மாடியிலிருந்து இறங்கிய கணவர், கால் கிலோ ஏலக்காயோடு மனைவி ராணிபோல் வீற்றிருப்பதைப் பார்த்தார்.

வயதானவர்கள் ஊர் சுற்ற அகலமான தெரு வேண்டும்தான். அதைவிட, ஏறமுடியாத படிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி வேண்டும். அதை எந்தச் சீரமைப்புத் திட்டத்திலும் எழுதி வைக்க முடியாது.

திரும்பும்போது சைக்கிள் ரிக்‌ஷாவில் கணவர் கேட்டார்: "அடுத்தது காசியா, கல்கத்தாவா?"

"முழங்காலைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் அம்மாள்.